ஆறு கட்டம், மூன்று பெயர்: குறுக்கெழுத்தில் ஏதெனா தரும் குழப்பம்

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிரில் ஒரு குறிப்பு: 'கிரேக்கரின் ஞான தேவதை'. பக்கத்தில் 6 என்ற எண். புராணக் கதைகள் படித்தவர் யோசிக்கவே மாட்டார். ஏதெனா என்று பேனாவாலேயே நிரப்பிவிடுவார். மறுநாள் விடையைப் பார்த்தால் வேறொரு பெயர் இருக்கும். அல்லது அதே பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கும். அச்சுப் பிழையா, புதிர் அமைத்தவரின் அறியாமையா என்று கேட்கத் தோன்றும். பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தக் குறிப்புக்கு ஆறு எழுத்தில் குறைந்தது மூன்று சரியான விடைகள் உண்டு. அவற்றில் எது என்பதைப் புராணம் சொல்லாது, கட்டங்கள்தான் சொல்லும்.

இந்தக் கட்டுரையில் ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறது. 'டீ' என்று நெடிலாக வருவது தேநீருக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 'டி' என்று குறிலாக வருவது நாய்க்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. இது ஒன்றைக் கவனித்துக்கொண்டால் போதும்.

குறிப்பு என்பது கேள்வி அல்ல

வினாடி வினாவில் கேட்கப்படும் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டவர் மேல் தவறு. குறுக்கெழுத்தின் குறிப்பு அப்படிப்பட்டது அல்ல. அது ஒரு வர்ணனை. விடைச் சொல் அந்த வர்ணனைக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான். 'பழம், 5 எழுத்து' என்றால் ஆங்கிலத்தில் ஆப்பிள், மாம்பழத்தைக் குறிக்கும் மேங்கோ, திராட்சையான கிரேப், எலுமிச்சையான லெமன் எல்லாமே ஐந்தெழுத்துதான். இதற்காக யாரும் புதிர் அமைத்தவரைக் குறை சொல்வதில்லை. குறுக்கே வரும் சொற்கள் முடிவு செய்யட்டும் என்று காத்திருப்பார்கள். தெய்வத்தின் பெயர் என்று வந்ததும் மட்டும் இந்தப் பொறுமை போய்விடுகிறது. தெய்வத்துக்கு ஒரே பெயர்தான் என்ற எண்ணம் நமக்கே எப்படி வருகிறது என்பது வேடிக்கை. முருகனுக்கு எத்தனை பெயர் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வர்ணனைக்கும் விடைக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன் முக்கிய விதிகள்:

1. இலக்கணம் ஒத்துப்போக வேண்டும். குறிப்பு பெயர்ச்சொல்லாக இருந்தால் விடையும் பெயர்ச்சொல். பன்மைக்குப் பன்மை, இறந்த காலத்துக்கு இறந்த காலம்.

2. மொழியும் ஒத்துப்போக வேண்டும். 'சியூஸின் மகள்' என்றால் கிரேக்கப் பெயர் வரும். 'ஜூப்பிட்டரின் மகள்' என்றால் ரோமானியப் பெயர். இரண்டும் ஒரே தந்தைதான், தெய்வங்களின் தலைவர். ஆனால் எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

3. குறிப்பில் சுருக்கெழுத்து இருந்தால் விடையும் சுருக்கமாக இருக்கலாம்.

4. அமெரிக்கப் புதிர்களில் குறிப்பின் முடிவில் கேள்விக்குறி இருந்தால் அங்கே ஏதோ சொல் விளையாட்டு இருக்கிறது என்று பொருள்.

நம் தெய்வத்தைப் பொறுத்தவரை இரண்டாவது விதிதான் உயிர்நாடி.

ஒரே தெய்வம், பல பெயர்கள்

ஞானத்தோடு சேர்த்துப் பேசப்படும் பெயர்களை வரிசையாகப் பார்க்கலாம்.

1. ஏதெனா: ஏ-டீ-எச்-ஈ-என்-ஏ. ஆறு எழுத்து. ஏதென்ஸ் நகரத்தின் கிரேக்க வழக்கிலிருந்து வந்த வடிவம்.

2. ஏதெனே: ஏ-டீ-எச்-ஈ-என்-ஈ. இதுவும் ஆறு. ஹோமரின் காவியங்களில் வரும் அயோனிய வழக்கு. மதுரையிலும் நாகர்கோவிலிலும் ஒரே சொல் இருவிதமாக ஒலிப்பது போல, கிரேக்கத்தின் வட்டாரங்களிலும் இந்தப் பெயர் இருவிதமாக முடிந்தது. ஆங்கிலேயர் இரண்டையுமே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஏதெனே பிழையான எழுத்து அல்ல. ஏதெனாவுக்குச் சமமான பழைமையும் மதிப்பும் உள்ளது.

3. பல்லஸ்: பி-ஏ-எல்-எல்-ஏ-எஸ். மறுபடியும் ஆறு. இது இந்தத் தெய்வத்தின் அடைமொழி. காவியத்தில் 'பல்லஸ் ஏதெனே' என்று சேர்ந்தும் வரும். இளம் வயதில் தன் தோழி பல்லஸை விளையாட்டுச் சண்டையில் தவறுதலாகக் கொன்றுவிட்டு, அந்தத் துயரத்தில் அவள் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டாள் என்று ஒரு கதை. பல்லஸ் என்ற அரக்கனைக் கொன்று அவன் தோலைப் போர்த்துக்கொண்டாள் என்று இன்னொரு கதை. எது மூலம் என்று கிரேக்கர்களே ஒத்துப்போகவில்லை.

4. மினர்வா: எம்-ஐ-என்-ஈ-ஆர்-வி-ஏ. ஏழு எழுத்து. ரோமானியப் பெயர், இத்தாலியின் பழங்குடிகளான எட்ரூஸ்கர்களிடமிருந்து வந்தது. ரோமின் கேப்பிட்டோலின் குன்றில் ஜூப்பிட்டர், ஜூனோ, மினர்வா மூவருக்கும் சேர்ந்து ஒரே கோயில் இருந்தது.

5. மீட்டிஸ்: எம்-ஈ-டீ-ஐ-எஸ். ஐந்து. ஏதெனாவின் தாய். கூர்மதி, சூழ்ச்சித்திறன் என்பதே இந்தப் பெயரின் பொருள். தன்னைவிட வலியவன் மகனாகப் பிறப்பான் என்று அஞ்சிய சியூஸ், கருவுற்ற மீட்டிஸை விழுங்கிவிட்டார். பிறகு தலைவலி தாங்காமல் துடிக்க, கொல்லர்களின் தெய்வமான ஹெபெஸ்டஸ் கோடரியால் மண்டையைப் பிளந்தார். உள்ளிருந்து முழுக் கவசத்தோடு ஏதெனா வெளியே வந்தாள். ஞான தேவதைக்கு ஐந்து கட்டம் மட்டும் விட்டிருந்தால் எழுத வேண்டியது தாயின் பெயரை.

6. சோஃபியா: எஸ்-ஓ-பி-எச்-ஐ-ஏ. இதுவும் ஆறு என்பதால் சேர்க்க வேண்டியிருக்கிறது. கிரேக்க மொழியில் ஞானம் என்ற சொல்லே இது. பிற்கால ஞானவாதச் சமயப் பிரிவுகளில் பெண்ணுருவாகவும் கருதப்பட்டது. ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களில் ஒருத்தி அல்ல என்பதால், 'தேவதை' என்ற குறிப்புக்கு இதை விடையாக வைக்கும் புதிர் கொஞ்சம் கை தளர்ந்த புதிர்.

பழைய ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் இந்தக் குழப்பத்துக்கு உரமிட்டிருக்கிறார்கள். ஆங்கிலக் கவி அலெக்சாண்டர் போப் 1715 முதல் 1720 வரை ஹோமரின் இலியட்டை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, கிரேக்கக் காவியத்துக்குள் மினர்வா என்ற ரோமானியப் பெயரைத் தாராளமாகப் புழங்கவிட்டார். அந்த மரபில் படித்து வளர்ந்தவர்களுக்குக் கிரேக்கமும் ரோமும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. இன்றைய புதிர் அமைப்பாளர்கள் அப்படிக் கலப்பதில்லை. நல்ல பத்திரிகையில் 'கிரேக்க' என்று போட்டுவிட்டு மினர்வாவை விடையாக வைக்க ஆசிரியர் விடமாட்டார்.

எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து

ஏதெனாவையும் பல்லஸையும் மேலும் கீழுமாக எழுதிப் பாருங்கள். முதல் இடம் ஏ, பி. இரண்டாவது டீ, ஏ. மூன்றாவது எச், எல். நான்காவது ஈ, எல். ஐந்தாவது என், ஏ. ஆறாவது ஏ, எஸ். ஓர் இடத்தில்கூட எழுத்து ஒத்துப்போகவில்லை. அதாவது, குறுக்கே வரும் ஏதாவது ஒரு சொல் உறுதியானாலே, இருவரில் யார் என்பது தெரிந்துவிடும். ஏதெனே, பல்லஸ் ஜோடிக்கும் இதே நிலைதான்.

ஏதெனாவும் சோஃபியாவும் கடைசி இடத்தில் மட்டும் ஒத்துப்போகின்றன. கடைசிக் கட்டத்தில் ஏ விழுந்துவிட்டது என்று துள்ள வேண்டாம்.

ஏதெனா, ஏதெனே ஜோடிதான் தொல்லை. முதல் ஐந்து எழுத்தும் ஒன்று. ஆறாவது கட்டம் ஒன்றுதான் அவர்களைப் பிரிக்கிறது. அந்த ஒரு கட்டம் குறுக்குச் சொல்லால் சரிபார்க்கப்படுகிறதா இல்லையா என்பதுதான் இனி எல்லாம். இங்கேதான் அமெரிக்கப் புதிரும் பிரிட்டன் புதிரும் பிரிகின்றன.

இரண்டு நாடுகள், இரண்டு விதமான கட்டங்கள்

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் வைர வடிவில் ஒரு புதிரை வெளியிட்டார். 'நியூயார்க் டைம்ஸ்' நெடுநாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு 1942 பிப்ரவரி 15-இல்தான் தன் முதல் புதிரைப் போட்டது. லண்டனின் 'டைம்ஸ்' அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1930 பிப்ரவரி 1-இல் தொடங்கிவிட்டது. அட்லான்டிக்கின் இரு கரைகளிலும் நாள்தோறும் வருவது பதினைந்துக்குப் பதினைந்து கட்டம். கறுப்புக் கட்டங்களின் அமைப்பு தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும் மாறாமல் இருக்க வேண்டும் என்ற வழக்கமும் பொது. வேறுபாடு உள்ளே இருக்கிறது.

அமெரிக்க முறையில் ஒவ்வொரு வெள்ளைக் கட்டமும் இரண்டு சொற்களுக்குச் சொந்தம்: ஒன்று இடமிருந்து வலம், ஒன்று மேலிருந்து கீழ். எந்தச் சொல்லும் மூன்று எழுத்துக்குக் குறையக்கூடாது. எழுத்து எண்ணிக்கை குறிப்பின் அருகில் அச்சிடப்படுவதில்லை. கட்டத்தை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். இங்கே ஏதெனாவின் ஆறு எழுத்துக்கும் ஆறு குறுக்குச் சொற்கள் காவல் நிற்கின்றன. குறிப்பு எவ்வளவு பொதுவாக இருந்தாலும் கட்டம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும்.

பிரிட்டன் முறையில் வெள்ளையும் கறுப்பும் வலைப்பின்னல் போல மாறி மாறி வரும். ஒரு சொல்லில் சுமார் பாதி எழுத்துகள்தான் வேறு சொல்லோடு சந்திக்கும். சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்தும் இந்த வகைதான். நம் வாசகர்களில் பலர் பழகியது இதுவே.

ஆறெழுத்துச் சொல் ஒன்று இந்த வலைப்பின்னலில் பெரும்பாலும் இரண்டு விதமாக அமையும்:

1. இரண்டு, நான்கு, ஆறாவது கட்டங்கள் சந்திப்பவை. அப்போது கிடைப்பவை டீ, ஈ, கடைசி எழுத்து. கடைசி எழுத்து கையில் இருப்பதால் ஏதெனாவா ஏதெனேயா என்ற கேள்வியே எழாது.

2. ஒன்று, மூன்று, ஐந்தாவது கட்டங்கள் சந்திப்பவை. கிடைப்பவை ஏ, எச், என். பல்லஸ் ஒழிந்தது, சோஃபியா ஒழிந்தது. ஆனால் கடைசிக் கட்டம் அனாதையாக நிற்கிறது. புதிர் முழுவதையும் முடித்துவிட்டாலும் அந்த ஒரு கட்டத்தில் ஏ எழுதுவதா ஈ எழுதுவதா என்று உறுதியாகச் சொல்ல வழியே இல்லை.

இந்த இரண்டாவது நிலையில், 'கிரேக்க ஞான தேவதை' என்று மொட்டையாகக் குறிப்புக் கொடுப்பது புதிர் அமைத்தவரின் பிழை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இதைச் சொல்லலாம். விடை காண்பவர் நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பார்க்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். அது புதிர் அல்ல, லாட்டரி. மறைபொருள் இல்லாமல் நேரடி வர்ணனை மட்டும் தரும் எளிய புதிர்களில்தான் இந்த விபத்து நேரும். பரிசுப் போட்டியாக இருந்தால் வீண் சண்டை வேறு.

அமெரிக்கக் கட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. கடைசி எழுத்தைச் சரிபார்க்கும் குறுக்குச் சொல்லும் யாரும் அறியாத ஆள் பெயராகவோ ஊர்ப் பெயராகவோ இருந்தால்? குறுக்கே லீனாவா லீனேயா என்று தெரியாத ஒரு நடிகை வந்து நின்றால் காவலுக்கு நிற்பவரே குருடர். இப்படிப்பட்ட சந்திப்புக்கு அமெரிக்கப் புதிர் வட்டாரத்தில் 'நேட்டிக்' என்று பெயர். பாஸ்டன் மாரத்தான் பாதையிலுள்ள நேட்டிக் என்ற சிற்றூரின் முதல் எழுத்தும், ஓவியர் என். சி. வயத்தின் முதலெழுத்தும் ஒரே கட்டத்தில் மோதிய பழைய புதிர் ஒன்றிலிருந்து வந்த சொல் அது.

அமைப்பவர்கள் ஏன் இவளை விடுவதில்லை

பக்தியினால் அல்ல. ஆறு எழுத்தில் மூன்று உயிர், மூன்று மெய். தொடக்கமும் முடிவும் ஏ. ஒவ்வொரு கட்டமும் இரு சொல்லுக்குப் பொதுவாக இருக்க வேண்டிய அமெரிக்க முறையில் இப்படிப்பட்ட சொல் தங்கம். ஆங்கிலத்தில் அடிக்கடி புழங்கும் எழுத்துகள் மட்டுமே இதில் உள்ளன. மினர்வாவில் இருக்கும் வி எழுத்தைக் குறுக்கே இன்னொரு சொல்லுக்குள் நுழைப்பது அவ்வளவு சுலபமில்லை.

இதே காரணத்தால்தான் கிரேக்கப் புராணத்தின் குட்டித் தெய்வங்கள் எல்லாம் குறுக்கெழுத்தில் பெரிய மனிதர்களாக உலவுகிறார்கள். வைகறைக்கு ஈயோஸ், கலகத்துக்கு ஏரிஸ், போருக்கு ஏரீஸ், அறிவு மயங்கிய ஆவேசத்துக்கு ஆட்டே, வரலாற்றுக்கு கிளியோ, காதல் கவிதைக்கு எராட்டோ. ஆட்டேயின் மூன்றெழுத்தை 'சாப்பிட்டான்' என்ற ஆங்கில வினைச்சொல்லாகவும் காட்டலாம் என்பதால் அவளுக்கு இரட்டை வாழ்வு. இப்படிப் பேச்சில் எங்கும் கேட்காமல் கட்டங்களில் மட்டும் குடியிருக்கும் சொற்களைக் 'கிராஸ்வேர்டீஸ்' என்று கேலியாகச் சொல்வார்கள். ஏதெனா அந்தக் கூட்டத்தில் சேரமாட்டாள். புதிர் போடாதவருக்கும் தெரிந்த பெயர்.

சுற்றி வளைத்துச் சொல்லும் குறிப்புகள்

நியூயார்க் டைம்ஸ் புதிர் திங்களன்று எளிது. சனிக்கிழமை மிகக் கடினம். விடை அதே ஏதெனாவாக இருக்கலாம், குறிப்பு மாறிவிடும். வார இறுதியை நெருங்க நெருங்க 'ஞானம்' என்ற சொல்லே மறைந்து, அவள் கதையின் ஓரங்களிலிருந்து ஒரு துணுக்கு வந்து நிற்கும். அவற்றில் தெரிந்திருக்க வேண்டியவை சில.

ஆலிவ் மரம். ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று கடல் தெய்வம் பொசைடனோடு நடந்த போட்டியில், அவர் உப்புநீர் ஊற்றைத் தந்தார். இவள் ஆலிவ் மரத்தைத் தந்தாள். நகரம் மரத்தைத் தேர்ந்தெடுத்தது. ஏதென்ஸில் அவளுக்கு எழுப்பிய பார்த்தினன் கோயிலின் மேற்கு முகப்பில் இந்தப் போட்டியும் கிழக்கு முகப்பில் அவள் பிறப்பும் செதுக்கப்பட்டிருந்தன.

ஆந்தை. அவளுடைய பறவை. பழைய ஏதென்ஸின் நான்கு டிராக்மா வெள்ளிக் காசில் இருந்த ஆந்தை, இன்றைய கிரேக்க நாட்டு ஒரு யூரோ காசில் அப்படியே அமர்ந்திருக்கிறது. கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று நாம் சொல்வதற்குக் கிரேக்கர்கள் 'ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோவது' என்பார்கள். இந்தப் பழமொழி தெரிந்தால் சனிக்கிழமைக் குறிப்பு ஒன்று எளிதாகிவிடும்.

சிலந்தி. நெசவில் தன்னை மிஞ்சியவர் இல்லை என்று பேசிய அராக்னேயைச் சிலந்தியாக மாற்றியவள். இந்தக் கதையை விரிவாகச் சொன்னவர் ரோமானியக் கவி ஓவிட் என்பதால், இங்கே மினர்வாவும் விடையாக வரலாம். எழுத்தை எண்ணிக்கொள்க.

மென்டார். வழிகாட்டி என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் இந்தச் சொல், ஹோமரின் ஒடிசியில் ஒரு முதியவரின் பெயர். அவர் உருவத்தை எடுத்துக்கொண்டு ஒடிசியஸின் மகனுக்கு வழிகாட்டியவள் ஏதெனா. 'மென்டாரின் வேடமிட்டவள்' என்பது நேர்மையான, ஆனால் கடுமையான குறிப்பு.

கலிபோர்னியா. அந்த மாநிலத்தின் முத்திரையில் தலைக்கவசத்தோடு அமர்ந்திருப்பவள் மினர்வா. பெரும்பாலான மேற்கு மாநிலங்களைப் போல ஆட்சிப்பகுதியாக இருந்து வளராமல், கலிபோர்னியா 1850-இல் நேரே மாநிலமாகிவிட்டது. முழு வளர்ச்சியோடு பிறந்த தெய்வம் அதற்குப் பொருத்தம். இங்கே ஏதெனா என்று எழுதினால் தவறு.

நாஷ்வில். டென்னசி மாநிலத்தின் இந்த நகரில் பார்த்தினனின் முழு அளவுப் பிரதி 1897-இல் ஒரு கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது. உள்ளே சுமார் 42 அடி உயரச் சிலை 1990-இல் நிறுவப்பட்டது. அவள் ஏதெனாதான், மினர்வா அல்ல.

வானமும் வேதியியலும். 1802-இல் ஓல்பர்ஸ் கண்டுபிடித்த சிறுகோளுக்குப் பல்லஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் வொல்லாஸ்டன் பிரித்தெடுத்த உலோகத்துக்கு அந்தச் சிறுகோளின் நினைவாகப் பல்லேடியம் என்ற பெயர் அமைந்தது. ஆகவே குறிப்பில் சிறுகோள், உலோகம் என்று வாடை அடித்தால் பல்லஸ் பக்கம் சாய வேண்டும். ட்ராய் நகரைக் காத்ததாகச் சொல்லப்படும் பல்லஸின் மரச்சிலைக்கும் பல்லேடியம் என்றே பெயர்.

போர் என்ற சொல் வந்தாலும் இவளை மறக்கக்கூடாது. ஞானத்தின் தெய்வம் என்றதும் நமக்கு வெண்தாமரையும் வீணையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. இவள் கையில் இருப்பதோ ஈட்டி, மார்பில் பாம்புக் கூந்தல் அரக்கி மெடூசாவின் தலை பதித்த கவசம். 'போர் தேவதை, 6' என்றாலும் ஏதெனாதான். நான்கு எழுத்தென்றால் எனியோ. ரோமானியப் போர் தேவதை ஏழு எழுத்தில் பெல்லோனாவாகவும் இருக்கலாம், மினர்வாவாகவும் இருக்கலாம். இருவருக்கும் பொதுவானது கடைசி ஏ மட்டும்.

மறைகுறிப்பு எப்படி முடிச்சை அவிழ்க்கிறது

பிரிட்டனில் 1920-களிலிருந்து வளர்ந்த 'கிரிப்டிக்' வகையில் ஒவ்வொரு குறிப்பும் இரண்டு துண்டு. ஒரு துண்டு நேரடி வர்ணனை. மற்றது விடையின் எழுத்துகளைக் கட்டும் வழி. இரண்டும் ஒரே வாக்கியம் போல ஒட்டியிருக்கும். எங்கே வெட்டுவது என்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு. நம் தெய்வத்துக்குச் சில மாதிரிகள்:

1. ஒளித்துவைத்தல். 'காடஸ் சம் ஹீதன் அடோர்ட்' என்று ஆங்கிலத்தில் நான்கு சொற்கள். மேலோட்டமாக, ஏதோ ஒரு புறச்சமயத்தார் வணங்கிய தேவதை என்று பொருள். 'சம்' என்பதற்குச் 'சிறு பகுதி' என்றும் பொருள் கொள்ளலாம். எச்-ஈ-ஏ-டீ-எச்-ஈ-என் என்ற ஹீதனில் முதல் இரண்டு எழுத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த சொல்லின் முதல் எழுத்தான ஏ-யைச் சேர்த்தால் ஏதெனா. புறச்சமயத்தாருக்குள்ளேயே அந்தச் சமயத்தின் தெய்வம் குடியிருக்கிறாள்.

2. கலைத்து அடுக்குதல். வெறுப்பைக் குறிக்கும் எச்-ஏ-டீ-ஈ, அதனுடன் ஏ-என். இந்த ஆறையும் குலுக்கினால் ஏதெனா கிடைப்பாள்.

3. துண்டு துண்டாகச் சேர்த்தல். ஏ-டீ, பிறகு பெட்டைக்கோழியான எச்-ஈ-என், பிறகு ஒற்றை ஏ. ஆந்தையோடு திரியும் தெய்வத்தின் பெயருக்குள் கோழி.

4. பல்லஸுக்கு: நண்பனைக் குறிக்கும் பி-ஏ-எல், அதன் பின் 'பெண்' என்ற பொருளுள்ள எல்-ஏ-எஸ்-எஸ் கடைசி எழுத்து குறைந்து.

5. மினர்வாவுக்கு: சுரங்கத் தொழிலாளியான எம்-ஐ-என்-ஈ-ஆர், அதன் பின் வர்ஜீனியா மாநிலத்தின் சுருக்கமான வி-ஏ. அல்லது கி.பி. 96 முதல் 98 வரை ஆண்ட ரோமானியப் பேரரசர் நெர்வாவுக்கு முன்னால் எம்-ஐ. எம்-1 நெடுஞ்சாலையின் எண்ணை ஐ எழுத்தாகப் படிப்பது பிரிட்டன்காரர்களின் பழைய தந்திரம்.

இப்போது முதல் மாதிரியில் ஒரு சொல்லை மாற்றுங்கள். ஹீதனுக்குப் பின்னால் 'அடோர்ட்' இல்லாமல், ஈ-யில் தொடங்கும் 'எம்பரர்' வருகிறது. ஒளிந்திருப்பவள் உடனே ஏதெனே ஆகிவிடுவாள். ஒன்று, மூன்று, ஐந்தாவது கட்டங்கள் மட்டும் சந்திக்கும் அந்தத் தொல்லை பிடித்த அமைப்பிலும், கடைசி எழுத்தைக் குறிப்பே உறுதி செய்துவிடுகிறது. பாதி எழுத்துகளைக் காவலின்றி விடும் கட்டத்தில் மறைகுறிப்பு வகை செழித்ததற்கு இந்தப் பொருத்தம் ஒரு காரணம். கட்டம் விட்ட குறையைக் குறிப்பு நிரப்புகிறது. புதிர் அமைப்பவர் சொல்வதன் மேலோட்டப் பொருள் ஏமாற்றலாம், ஆனால் சொற்களின் அமைப்பு பொய் சொல்லக்கூடாது என்று 'அஃப்ரிட்' என்ற புனைபெயரில் புதிர் அமைத்த ரிச்சி வகுத்த நெறி, இந்த ஓர் எழுத்து விஷயத்தில் எவ்வளவு தேவை என்பது தெரியும்.

தமிழ்க் கட்டத்துக்கு வந்தால்

தமிழ்க் குறுக்கெழுத்தில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து; உயிர்மெய் முழுதும் ஒரே கட்டத்தில் அடங்கும். ஆகவே ஆறு மூன்றாகிவிடுகிறது: ஏ, தெ, னா. மினர்வாவுக்கு நான்கு: மி, ன, ர், வா.

அயல்நாட்டுப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவது நம் வழக்கம் என்பதால், குழப்பம் இடம் மாறுகிறது. ஏதெனா என்பவரும் உண்டு, அதீனா என்பவரும் உண்டு. ஆங்கிலத்தில் கடைசிக் கட்டம் ஒன்றில்தான் ஐயம். தமிழில் முதல் இரண்டு கட்டத்திலும் ஐயம், கடைசி 'னா' மட்டுமே உறுதி. அதீனா விடையாக இருக்கும்போது ஏதெனா எழுதியவருக்கு மூன்றில் இரண்டு கட்டம் பிழை.

இதை நேர்மையாகத் தீர்க்க வேண்டுமானால், முதல் கட்டத்தில் குறுக்கே ஒரு சொல் வர வேண்டும். அதிலும் ஒரு சிக்கல். தமிழில் தனி உயிரெழுத்து சொல்லின் தொடக்கத்தில்தான் நிற்கும். எனவே ஏ இருக்கும் கட்டத்தில் சந்திக்கும் மற்றச் சொல்லும் ஏ-யில்தான் தொடங்கியாக வேண்டும்: ஏணி, ஏரி, ஏலக்காய் என்று. மேலிருந்து கீழாக வைத்தால் ஏதெனாவும் அந்தச் சொல்லும் ஒரே மூலையிலிருந்து புறப்பட வேண்டும். கட்டத்தின் அடிப்பகுதியில் ஏதெனா இருந்தால் அதற்கு இடமே இராது. அங்கேதான் 'கீழிருந்து மேல்' என்ற தமிழ்ப் புதிர்களின் திசை கைகொடுக்கிறது. மினர்வாவின் 'ர்' இருக்கும் கட்டமோ இதற்கு நேர்மாறு. மெய்யெழுத்தில் தமிழ்ச் சொல் எதுவும் தொடங்காது என்பதால், அந்த வழியாக வரும் சொல் கார்காலம் போலவோ தேர் போலவோ நடுவிலோ முடிவிலோதான் அதைத் தொட முடியும்.